இரண்டு வள்ளம் சோளம்: ஓர் ஊர் தன் பாட்டுக்காரரைப் பார்த்துக்கொண்ட கதை

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டால் அன்றிரவே உடுக்கைச் சத்தம் கேட்டுவிடும். அண்ணன்மார் கதை. பொன்னரும் சங்கரும் தாமரை வயிற்றில் பிறந்து, வளர்ந்து, படுகளத்தில் விழுந்து, தங்கை தங்காள் தேடி வந்து எழுப்புகிற வரைக்கும் பதினைந்து இரவு ஓடும். ஒருவர் உடுக்கை அடித்துப் பாடுவார், இன்னொருவர் பின்பாட்டு. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1960களில் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதையைப் பாடவைத்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்த நாளில் இதைக் கேட்க ஊர் முழுக்கப் பாயோடு வந்து உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஊர் விழாக் குழுவில் நான் கணக்கு எழுதுகிறேன். பாட்டுக்காரர் குடும்பத்தை ஊர் ஆதரிக்கிற விதம் என் காலத்திலேயே இரண்டு தடவை மாறியது. அதற்கு முந்தைய முறை எப்படி இருந்தது என்பதை வீட்டுப் பரணில் கிடந்த ஒரு நோட்டு சொன்னது. பக்கத்து ஊர்க் குழுக்காரர்கள் இரண்டு மூன்று பேர், "உங்க ஊர்ல என்னங்க பண்ணுனீங்க?" என்று கேட்டதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நோட்டு, குழுவின் தீர்மானப் புத்தகம், பாட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசியது, இந்த மூன்றும்தான் ஆதாரம்.

ஒரே எழுத்தில் இரண்டு கணக்கு

நோட்டு என் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, எழுதியது. 1974ஆம் வருஷத்துக் கணக்கு. நீள நோட்டு, ஓரமெல்லாம் கரையான் தின்றிருக்கிறது. தை மாதப் பக்கத்தில் சோளம் அடித்த கணக்குக்குக் கீழே, வலப்பக்கம் சாய்கிற அவருடைய எழுத்தில் இப்படி இருக்கிறது: ஆசாரிக்கு 4 வள்ளம். வண்ணாருக்கு 3 வள்ளம். குடிமகனுக்கு 3 வள்ளம். பாட்டுக்காரருக்கு 2 வள்ளம், வேட்டி 1.

வள்ளம் என்பது தானியம் அளக்கிற பழைய அளவு. குடிமகன் என்று எங்கள் பக்கம் சொல்வது முடி திருத்துகிறவரை. கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவரும் அவர்தான். அவர் பாடி முடிக்காமல் கொங்குக் கல்யாணம் முடியாது. இவர்களுக்கெல்லாம் களத்துமேட்டில் தானியம் அளந்துவிட்டுத்தான் மிச்சம் வீட்டுக்கு வரும். எங்கள் தோட்டத்தில் மட்டுமல்ல, ஊரில் இருந்த இருபத்திரண்டு தோட்டத்திலும் இதே வழக்கம். ஒவ்வொன்றிலும் பாட்டுக்காரருக்கு ஒன்றோ இரண்டோ வள்ளம்.

எதிர்ப் பக்கத்தைப் பார்த்தேன். அதே பேனா, அதே சாய்ந்த எழுத்து. மேலே 'ஆள் கணக்கு' என்று தலைப்பு. முன்பணம், பொங்கலுக்குத் துணி, வைத்தியச் செலவு, பிள்ளை காதுகுத்துக்கு வாங்கியது என்று வரிசையாக எழுதி, கூலியில் கழித்தது போகப் பாக்கியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியிருக்கிறது. அடுத்த வருஷமும் பாக்கி. பண்ணையத்தில் வேலை செய்த மாதாரிச் சாதிக் குடும்பத்தின் கணக்கு அது. 1976இல் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முந்தைய பக்கம் இது. என் அப்பாரு கெட்டவர் இல்லை என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு அந்தச் சொல் எனக்குப் போதவில்லை.

இந்த இரண்டு பக்கத்தையும் ஊரில் ஒரே வார்த்தையால்தான் சொல்வார்கள்: "பண்ணாடி பாத்துக்குவாரு." பண்ணாடி என்றால் தோட்டத்துச் சொந்தக்காரர். பாட்டுக்காரர் வீட்டுச் சோத்துக்கும் அதே வார்த்தை, ஆள்காரர் வீட்டுக் கடனுக்கும் அதே வார்த்தை.

புரத்தல், புரவலர் என்பதெல்லாம் ஏட்டுச் சொல். இன்றைக்கு நூலகத்துக்கு 1,000 ரூபாய் கட்டினால் புரவலர் என்று பெயர்ப் பலகையில் எழுதுகிறார்கள், அந்த மட்டில் அது உயிரோடு இருக்கிறது. நல்ல பழக்கம்தான். சோழர் கல்வெட்டுகளில் நில வருவாயைப் பார்க்கிற அலுவலகத்துக்குப் புரவுவரித் திணைக்களம் என்று பெயர். காப்பது, வரி வாங்குவது இரண்டும் அந்தக் காலத்திலேயே ஒரே சொல்லில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. பேச்சில் நமக்கு இருப்பது 'பார்த்துக்கொள்வது'. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம், மாட்டைப் பார்த்துக்கொள்கிறோம். கடை நோட்டீசில் 'உங்கள் நல்லாதரவை நாடும்' என்று அச்சடித்தாலும், கடைக்காரரிடம் நேரில் போனால் "பாத்துப் போட்டுக் குடுங்க" என்கிறோம். அலுவலகத்தில் காரியம் ஆக வேண்டும் என்றால் "பாத்துச் செய்யுங்க", "கவனிச்சுக்கறோம்". கைவிட்டால் 'கண்டுக்கலை'. எல்லாவற்றிலும் கண் இருக்கிறது. யார் யாரைப் பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது.

படுகளம் பாட மாட்டேன் என்ற இரவு

இப்போது பாடுகிறவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த நோட்டில் இருக்கிற பாட்டுக்காரர் அவருடைய அப்பா. ஒரு நாள் சாயங்காலம் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நோட்டைக் காட்டினேன். விரலை வைத்து அந்த வரியைத் தடவிப் பார்த்தார். அப்புறம் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

என் அப்பாருவுக்கும் அவர் தம்பிக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு. முறைத் தண்ணியில் ஆரம்பித்து, பேச்சு நின்று, தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு அண்ணன் போகாத அளவுக்கு முற்றியிருந்தது. அந்த வருஷம் பதினான்காம் இரவு வரைக்கும் பாடிவிட்டு, படுகளம் பாட வேண்டிய இரவில் அவர் அப்பா உடுக்கையைக் கீழே வைத்துவிட்டாராம்.

"எங்கய்யன் சொன்னாருங்க. 'அண்ணனும் தம்பியும் ஒண்ணா உளுகறத நா பாடோணும். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உக்காந்து கேக்கோணும். இதென்னுங்க பண்ணாடி, எனக்கு வாய் வருமா?' அப்படின்னு. கூட்டத்துல ஒருத்தரும் மூச்சு உடலீங்க."

அப்பாரு எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, தம்பி உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். பேசவில்லை, உட்கார்ந்தார், அவ்வளவுதான். பாட்டு தொடங்கியது. கிணற்றுத் தகராறு முழுசாகத் தீர இன்னும் இரண்டு வருஷம் ஆனது என்பது வேறு.

இதைக் கேட்டதும் எனக்குப் பழனிமலைப் பக்கத்துப் பேகன்தான் நினைவுக்கு வந்தான். மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வை கொடுத்தவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதே பேகன் மனைவி கண்ணகியைப் பிரிந்து இருந்தபோது, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நான்கு புலவர்கள் போய் அவனிடம் பாடியிருக்கிறார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரைக்கும் அந்தப் பாட்டுகள்தான். பரணர் சொல்வது இது: பசித்து வரவில்லை, எங்களுக்குச் சுமக்கக் குடும்ப பாரமும் இல்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைக் களை, நாங்கள் இரந்து கேட்கும் பரிசில் இதுதான். வாங்க வந்தவன், கொடுப்பவனின் வீட்டு விஷயத்தைச் சபையில் கேட்கிறான். கொடுப்பவனும் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறான்.

சரி, பாட்டுக்காரருக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? எதிர்ப் பக்கத்தில் இருந்த ஆள்காரர் என் அப்பாருவிடம் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியுமா? சொல்லியிருந்தால் மறுநாள் அவர் கதி என்ன? இருவரும் அதே தோட்டத்துத் தானியத்தைத்தான் சாப்பிட்டார்கள். இருவரும் திண்ணைக்குக் கீழேதான் நின்றார்கள், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான் கண்ட காரணம் அந்த இருபத்திரண்டு என்ற எண். பாட்டுக்காரருக்கு எங்கள் வீட்டுச் சோளம் நின்றுபோனாலும் இருபத்தொரு களத்துமேடு பாக்கி இருந்தது. ஆள்காரருக்கு இருந்தது ஒரே களம். முன்பணம் தீராமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. முன்பணமோ தீராத மாதிரியே கணக்கு எழுதப்பட்டிருந்தது.

பழைய புலவர்களும் கால்நடையாக நாடு நாடாகப் போனவர்கள்தான். பெருஞ்சித்திரனார் இளவெளிமானிடம் போகிறார், அவன் மதித்துக் கொடுக்கவில்லை. முதிரத்துக் குமணனிடம் போகிறார். கொங்கின் தெற்கு ஓரத்தில் உடுமலைப் பக்கத்து மலைகளைக் காட்டி, அதுதான் குமணன் ஆண்ட முதிரம் என்று சொல்கிறவர்கள் உண்டு. குமணன் யானையே கொடுக்கிறான். புலவர் அந்த யானையை ஓட்டிக்கொண்டு திரும்ப வெளிமான் ஊருக்கே வந்து, அவனுடைய காவல் மரத்தில் கட்டிவிட்டு, 'இரவலர் புரவலை நீயும் அல்லை, புரவலர் இரவலர்க்கு இல்லையும் அல்லர்' என்று பாடிவிட்டுப் போகிறார். கேட்பவர்களைக் காக்கிறவன் நீயும் இல்லை, கேட்பவர்களுக்குக் காக்கிறவர்கள் இல்லாமலும் இல்லை. இன்னொரு வாசல் இருக்கிறவனால் மட்டுமே இப்படிப் பேச முடியும்.

அந்தக் காலத்தைத் தங்கத்தில் வார்த்துப் பேச நான் தயாரில்லை. பதிற்றுப்பத்தின் பதிகத்தில், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அரிசில்கிழாருக்கு ஒன்பது நூறாயிரம் காணமும் (பொற்காசும்) அரசு கட்டிலும் (அரியணையும்) கொடுத்தான், அவர் கட்டிலை ஏற்காமல் நீயே ஆள்க என்று சொல்லி அமைச்சரானார் என்று வருகிறது. அந்தப் பெயரின் முதல் பாதியையும் படிக்க வேண்டும். அவன் அழித்த தகடூர், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் மரபின் ஊர். கொடையின் ஒரு முனையில் புலவர் நிற்கிறார், மறு முனையில் யாருடைய ஊரோ எரிகிறது.

கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு மன்னன் தன் பதினைந்தாவது ஆட்சியாண்டில், வெங்கால நாட்டுக் கம்மாளருக்குக் கொடுத்த உரிமைகளை அது சொல்கிறது: ஆடி மாதம் முதல் உங்கள் வீட்டு நன்மை தீமைக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். மன்னன் பார்த்துக்கொண்டது இதை. கொங்கில் இத்தனை கோயில்களின் கல்லையும் மரத்தையும் செதுக்கிய கைகளுக்கு, தன் சொந்தச் சுவருக்குச் சாந்து பூச ஒருவர் அனுமதி தர வேண்டியிருந்தது. அனுமதி கொடுத்தவனுக்குப் புகழ், அதுவும் கல்லில்.

இது பழைய கதை என்று தள்ள மனம் வரவில்லை. கொங்குப் பகுதி நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்று வருஷத்துக்கு எடுத்து, சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, கடைசியில் மொத்தமாகக் கொடுப்பதைச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் சூட்டி நடத்தினார்கள். அந்தப் பெண் உழைத்த கூலியே திருமண உதவி ஆகிவிட்டது. நடுவில் உடம்பு முடியாமல் கிளம்பினால் அந்த மொத்தம் கிடைக்காது. 'நாங்க பாத்துக்கறோம்' என்று பெற்றோரிடம் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். என் அப்பாருவின் நோட்டில் இருந்த எதிர்ப் பக்கம்தான் அது, வேறு கையெழுத்தில்.

நின்றுபோன படி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்கள் பக்கம் பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலின் கடைமடை. தண்ணீர் வந்தால் உண்டு. சோளக் காடுகள் குறைந்தன, தென்னை வந்தது. வெள்ளகோவிலில் விசைத்தறி, காங்கேயத்தில் அரிசி ஆலையும் தேங்காய்க் களமும், திருப்பூரில் பனியன் கம்பெனி. பிள்ளைகள் கிளம்பினார்கள். களத்துமேடே இல்லாதபோது களத்தில் எதை அளப்பது? 1990களின் நடுவில் எங்கள் வீட்டுத் தானியப் படியும் நின்றது. யாரும் நிறுத்தவில்லை, ஒரு தை மாதம் யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான். பாட்டுக்காரர் தேங்காய்க் களத்தில் பருப்பு காயப்போடுகிற வேலைக்குப் போனார். திருவிழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வந்தது. பாட்டு மூன்று இரவாகக் குறைந்தது, ஒரு வருஷம் ஒரே இரவு.

எதிர்ப் பக்கத்துக் குடும்பத்துக்கு அதே மாற்றம் நல்லதாக அமைந்தது. அவர்கள் பேரன் திருப்பூரில் தையல் கான்ட்ராக்ட் எடுக்கிறார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகிறார். ஒரே உடைப்பு ஒரு வீட்டை விடுவித்தது, இன்னொரு வீட்டை அநாதையாக விட்டது.

ஒரே கை

2018இல் திருப்பூரில் ஏற்றுமதி செய்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் குழுவுக்குப் போன் செய்தார். "பதினஞ்சு ராவும் பாடட்டும். முழுச் செலவும் நான் பாத்துக்கறன்." அவர் சின்னப் பையனாக இருந்தபோது அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே அப்பா மடியில் தூங்கியவர். மனசாரத்தான் சொன்னார். பாட்டுக்காரருக்குப் புது வேட்டி, மைக் செட், முன்பணம் எல்லாம் வந்தது. அந்த வருஷம் முதல் இரவில் அவர் வைக்கோலைக் கொளுத்தி உடுக்கையின் தோலைக் காட்டிச் சூடேற்றி, இடையில் கட்டியிருந்த நாடாவை அழுத்தி அழுத்திச் சுதி பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தேங்காய்க் களத்து வேலையில் வெடித்திருந்தது. மூன்று தடவை தட்டிவிட்டு, "வந்துருச்சுங்க" என்றார். அந்த முகத்தை எனக்கு அந்த ஏற்றுமதிக்காரரின் பணம்தான் காட்டியது, அதை நான் மறுக்க மாட்டேன்.

அடுத்த வருஷம் கோரிக்கைகள் வந்தன. நேரலை போட வேண்டும், அதனால் ஓர் இரவுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். சரி என்றார் பாட்டுக்காரர். பேனரில் ஏற்றுமதிக்காரரின் அப்பா படம் பெரிதாக வேண்டும். அதுவும் சரி. அப்புறம், பொன்னர் தர்மம் செய்கிற கட்டத்தில் தன் அப்பாவின் பெயரையும் கதைக்குள் சேர்த்துப் பாட வேண்டும் என்று சொல்லியனுப்பினார். தகவலைக் கொண்டுபோனது நான்தான்.

"வாழ்த்துல எத்தன தடவ வேணும்னாலும் சொல்றனுங்க. நடுவுல காசு குடுத்தாலும் பேர் சொல்றனுங்க. கதைக்குள்ள வெளியாளு வரக் கூடாதுங்க. உள்ள இருக்கறவிங்க சாமிங்க."

நான் கெஞ்சினேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. "ஒரு வரிதானுங்களே, போட்டுட்டா என்ன" என்று நான்தான் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. பாடினார், சேர்க்கவில்லை. ஏற்றுமதிக்காரர் கோபப்படவில்லை, முகம் மட்டும் மாறியது.

2020லும் 2021லும் கொரோனாவால் திருவிழாவே இல்லை. அந்த இரண்டு வருஷமும் தேங்காய்க் களமும் பாதி நாள் மூடிக் கிடந்தது. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை எடுத்துக் கொடுக்க நாங்கள் ஓடியதெல்லாம் அதற்குப் பிறகுதான். முன்னமே செய்திருக்க வேண்டிய வேலை அது. 2022இல் திருவிழா வந்தபோது திருப்பூரில் நூல் விலை ஏறி, கம்பெனிகள் கதவடைப்பு வரைக்கும் போய்க்கொண்டிருந்த நேரம். ஏற்றுமதிக்காரர் போனை எடுக்கவில்லை. பூச்சாட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவர் மேனேஜர், "இந்த வருஷம் முடியாதுங்க" என்றார். கதையில் பெயர் வராததாலா, நூல் விலையாலா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பாட்டுக்காரருக்கும் தெரியாது. ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்கிற இடத்தில் அந்த ஒருவரின் மனசும் அவர் பிழைப்பும் எப்படி இருக்கிறது என்று ஊகித்துக்கொண்டே இருப்பதும் வாங்குகிறவர் வேலையாகிவிடுகிறது. இருபத்திரண்டு தோட்டம் இருந்தபோது ஒரு தோட்டத்தில் பருத்தி போனால் இன்னொன்றில் கம்பு விளைந்தது. இப்போது அமெரிக்காவில் ஆர்டர் நின்றால் காங்கேயத்தில் உடுக்கை நிற்கும் என்றாகிவிட்டது.

தலைக்கட்டு வரி

அந்த நான்கு நாளில் குழு கூடித் தலைக்கட்டு வரி போட்டது. பாட்டுக்கென்று தனியாக வீட்டுக்கு 200 ரூபாய். எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை, எல்லாச் சாதிக்கும் ஒரே தொகை. முன்பெல்லாம் எங்கள் ஊரில் வரி வாங்குவதிலேயே யாரிடம் வாங்கலாம், யாரிடம் வாங்கக் கூடாது என்று வேறுபாடு இருந்தது. வரி வாங்கினால் உரிமை கேட்பார்கள் என்ற பயம்தான் காரணம். பெரியவர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். தையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவர் முதல் ஆளாக வந்து 200 ரூபாயை எண்ணி வைத்து, ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ரசீதை எழுதியபோது என் கை அப்பாருவின் எழுத்து மாதிரியே வலப்பக்கம் சாய்ந்தது.

யார் தயவும் இல்லாமல் கொடுக்கிற முறைக்குக் கொங்கில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்து நான்கு மகன்கள் சொத்தைப் பிரித்தபோது நான்கு பாகமாகப் பிரிக்கவில்லை. ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பாகத்தைத் தர்மத்துக்கு என்று எழுதி 1926இல் அறக்கட்டளை தொடங்கினார்கள். தர்மத்தை இன்னொரு பங்காளியாகவே உட்கார வைத்தார்கள் என்பதுதான் அதில் என்னைத் தொடுவது. பள்ளிக்கூடமும் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் அதிலிருந்து வளர்ந்தன. அங்கே படித்த பையன் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. கொடுத்தவர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பசிக்கும் படிப்புக்கும் அதுதான் சரி. பார்க்காமல் கொடுத்தால்தான் வாங்குகிறவன் தலை நிமிர்ந்து வாங்க முடியும்.

நாங்களும் அதையே செய்துவிட்டோம் என்று திருப்தியாக இருந்தேன். பேச்சு முறையான ஒப்பந்தமானது. இரவுக்கு இவ்வளவு, பாதி முன்னால், பாதி பின்னால். மூன்று வருஷமாக ஒரு பைசா பாக்கி இல்லை. கதைக்குள் யாரும் பெயர் சேர்க்கச் சொல்வதில்லை.

2024இல் ஏழாம் இரவு. கணக்குப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கு வந்தேன். மைக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, தங்காள் புலம்புகிற இடம். எதிரில் பிளாஸ்டிக் நாற்காலி அறுபது. ஆட்கள் நான்கு பேர், அதில் இரண்டு பேர் தூக்கம். வரி கொடுத்த நூற்று முப்பது வீட்டில் டிவி ஓடுகிற வெளிச்சம் ஜன்னலில் தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

முடிந்ததும் டீ வாங்கிக் கொடுத்து, தொகை ஏதாவது கூட்ட வேண்டுமா என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"காசு பத்தலைன்னு சொல்ல வல்லீங்க. குடுக்கறது நாயமாத்தான் குடுக்கறீங்க. எங்கய்யன் காலத்துல உங்கப்பாரு திட்டுவாருங்க. 'நேத்து அந்த எடத்த உட்டுப்போட்ட, தாமர தவத்துக்குப் போறத ஓட்டீட்ட'ம்பாரு. அப்படித் திட்டறதுக்காவது ஆளு இருந்துச்சுங்க. இப்ப நா ஒரு ராக் கதைய முழுங்கீட்டாலும் ஆருக்கும் தெரியாது. முன்னால நாலு பேரு உக்காந்து கேக்கோணுமுங்க. அத்தன தான்."

பெருஞ்சித்திரனார் அதியமானிடம் போனபோது, அவன் நேரில் வராமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். அவர் வாங்கவில்லை. 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று சொல்லிவிட்டார். என்னைப் பார்க்காமல் கொடுத்த பொருளை வாங்க நான் வியாபாரி இல்லை. தினையளவு ஆனாலும் என் தரம் அறிந்து கொடுத்தால் இனிது. நாங்கள் மூன்று வருஷமாகக் காணாது ஈந்துகொண்டிருந்தோம். பசிக்குப் பொருந்துகிற முறையைப் பாட்டுக்கும் வைத்துவிட்டோம். பீளமேட்டுப் பையனுக்குக் கொடுத்தவர் கண் தேவையில்லை. இவருக்கோ கேட்பவர் கண்தான் பாதிச் சோறு.

பழையபடி ஒருவர் கையில் கொடுப்பதா என்று குழுவில் பேச்சு வந்தது. மூன்று பேர் ஆமாம் என்றார்கள், ஏற்றுமதிக்காரரும் இப்போது நன்றாக இருக்கிறார். நான் எதிர்த்தேன். பணம் இருபத்திரண்டு களத்திலிருந்து வந்ததால்தான் இவர் அப்பாவுக்கு உடுக்கையைக் கீழே வைக்க முடிந்தது என்று நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். எதிர்ப் பக்கத்தையும் படித்துக் காட்டினேன். அது தேவையா என்று ஒருவர் கேட்டார். தேவை என்றேன். கடைசியில் முடிவான தீர்மானம் இது: வரி அப்படியே இருக்கும். அதோடு ஓர் இரவுக்கு ஒன்பது வீடு என்று முறை. முறைத் தண்ணி மாதிரி முறைக் கேள்வி. தன் முறை இரவில் அந்த வீட்டிலிருந்து ஒருவராவது வந்து முன்பாயில், நாற்காலியில் இல்லை பாயில், முடிகிறவரை உட்கார வேண்டும். ஏற்றுமதிக்காரர் வீட்டுக்கும் ஒரே ஓர் இரவு, மற்றவர்களைப் போல. கேட்ட பிறகு தனியாகக் கொடுக்க நினைப்பவர்கள் பாட்டுக்காரர் கையில் நேராகக் கொடுக்கலாம், குழு வழியாக வேண்டாம்.

முதல் வருஷம் முறை பாதிதான் நடந்தது. ஐந்தாம் இரவில் மூன்று வீடு வரவில்லை. பதினொன்றாம் இரவில் முறையே இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் பாயில் உட்கார்ந்து, அண்ணன்மாரின் துணையாள் சாம்புவன் ஏன் பொன்னர் சங்கரை விட்டுப் போகவில்லை என்று பாட்டை நிறுத்திக் கேட்டார்கள். அவர் உடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பதில் சொன்னார். அந்த இரவு கதை நகரவில்லை. பதினைந்து இரவு பதினாறானது. கூடுதல் இரவுக்கு எந்தக் கணக்கில் எழுதுவது என்று நான் கேட்டபோது, "அதெல்லாம் வேண்டாமுங்க" என்றார். குழு கேட்கவில்லை, கொடுத்துவிட்டது.

படுகளத்து இரவு எங்கள் வீட்டு முறை. சின்ன அப்பாரு வீட்டுக்கும் அதே இரவுதான் விழுந்திருந்தது. வரிசை எண்படி போட்டதில் தானாக அமைந்தது அது. அவர்கள் வீட்டிலிருந்து என் பங்காளி முறை அண்ணன் வந்தார். ஒரே பாயில் உட்கார்ந்தோம். பாட்டுக்காரர் உடுக்கையை எடுக்கும் முன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், அப்புறம் தொடங்கினார்.